மெல்லக் கேட்டவர்

"நீங்கள் பேசுகிற ஜெர்மன், தையல் மெஷினோடு கொடுக்கிற குறிப்புப் புத்தகம் மாதிரி இருக்கிறது, ஃப்ரொய்லைன். தப்பே இல்லை. ஆனால் மனுஷர் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்."

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் நான் மாடி அறையில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் இப்படிச் சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிப்போனது. வேதியியல் ஆராய்ச்சிக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவள் நான். வகுப்புக்குப் போய் இலக்கணம் பிசகாமல் படித்த ஜெர்மன் அது. அந்த அம்மாள் தபால் நிலையத்தில் முப்பது வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், விதவை, பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகாத பெண்ணை அங்கே கூப்பிடுகிறபடி என்னை ஃப்ரொய்லைன் என்பார். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சொன்ன கையோடு வழியும் காட்டினார். "வெள்ளிக்கிழமை ராத்திரி கீழே இறங்கி வாருங்கள். டெலிவிஷனில் ஆட்கள் பேசுவதைக் கேளுங்கள்."

ஆட்கள் பேசுவது என்று அவர் சொன்னது அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு வகை நிகழ்ச்சியை. அதுவரை டெலிவிஷன் என்றால் செய்தி வாசிப்பவர் தாளைப் பார்த்து வாசிப்பார், வினாடி வினா நடக்கும், கூட்டமாக நின்று பாடுவார்கள். இப்போது நாற்காலிகளைப் போட்டு, நடிகரையும் மந்திரியையும் குத்துச்சண்டைக்காரரையும் உட்காரவைத்து, ஒருவர் அவர்களோடு ராத்திரி வெகுநேரம் பேசினார். எழுதிவைத்ததை வாசிக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, சிகரெட் பிடித்துக்கொண்டு, சும்மா பேசினார்கள். அம்மாள் அதை டோக்-ஷோ என்பார். அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது, அதனால் நாமும் பார்த்தாக வேண்டியிருக்கிறது என்பார். ஆனால் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

மரப்பெட்டிக்குள் கதவுபோட்டு மூடிவைத்திருக்கும் டெலிவிஷன். வெள்ளிக்கிழமை கதவு திறக்கும். எனக்குச் சோபாவின் இடதுபக்கம். நடுவில் ஒரு தட்டில் உப்புக் குச்சிகள்.

அப்படிக் கேள்வி கேட்பவர்களில் மூன்று பேர் எங்களுக்கு முக்கியம். முதலாமவர் வயதான கோமாளி. முன்னே உட்கார்ந்திருப்பவரைப் பேசவே விடமாட்டார். கேள்வியை அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லி, அதற்கு அவரே முதலில் சிரிப்பார். விருந்தாளி பாவம் வாயைத் திறந்து திறந்து மூடுவார். அம்மாள் இவருக்காகத் தையல் வேலையைக் கீழே வைக்கமாட்டார். "இவருக்கு ஒரு கண்ணாடி போதும், விருந்தாளி எதற்கு?" என்பார்.

இரண்டாமவர் ஒல்லி, கூரிய மூக்கு. மடியில் ஒரு கோப்பு இருக்கும், கையில் பென்சில். விருந்தாளி என்றைக்கோ எந்தப் பத்திரிகையிலோ சொன்னதை எடுத்து வாசிப்பார். "இது நீங்கள் சொன்னதா, இல்லையா?" சுற்றி வளைத்தால், "ஒரு நிமிடம், நான் கேட்டது அதில்லை" என்று மறுபடி வாசிப்பார். ஒருமுறை ஓர் அரசியல்வாதி மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். அம்மாளுக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. "கசாப்புக்காரன்" என்று பெயர் வைத்திருந்தார். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

மூன்றாமவர்தான் எங்கள் ஆள். காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. வெள்ளை படர்ந்த தலை, பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. இரண்டு கைகளையும் முழங்காலில் கோத்துக்கொண்டு, சற்றே முன்னால் சாய்ந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோலச் சின்னதாக ஒன்று கேட்பார். விருந்தாளி பதில் சொல்லி முடித்துவிடுவார். இவர் அடுத்த கேள்வி கேட்கமாட்டார். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையில் கனிவு இருக்கும். இரண்டு விநாடி, மூன்று விநாடி. முடிந்துவிட்டது என்று நினைத்த விருந்தாளி மறுபடி பேச ஆரம்பிப்பார். அவர் சொல்ல நினைக்காத விஷயம் அப்போதுதான் வரும். ஒரு கால்பந்தாட்டக்காரர் தன் தாயாரைக் கடைசிக் காலத்தில் போய்ப் பார்க்காததைச் சொல்லி அழுதது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்கார அம்மாளும் அழுதார். "இவர்தான் மனுஷன். பாருங்கள், எவ்வளவு மெதுவாகக் கேட்கிறார்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பகலில் என்னிடம் யாரும் மெதுவாக எதையும் கேட்டதில்லை.

பகல் முழுவதும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். இரும்பின்மேல் பூசும் பெயின்ட் எதனால் உப்பி உரிகிறது என்பது என் ஆராய்ச்சி. ஈரமும் உப்பும் நிறைந்த பெட்டிகளுக்குள் தகடுகளை அடுக்கி, மாதக்கணக்கில் அளந்து எழுதவேண்டும். இரண்டு வருடத்தில் ஓர் ஒழுங்கு பிடிபட்டது. எந்த இடத்தில் முதலில் உப்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லது, எல்லாவற்றையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். ஆறு மாதம் கழித்து அது சஞ்சிகையில் வந்தது. பேராசிரியர் பெயரும் அவருடைய மூத்த உதவியாளர் பெயரும் மேலே இருந்தன. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அளவுகள் எடுத்து உதவியவருக்கு நன்றி என்று ஒரு வரி. அதில் என் பெயர் இருந்தது, ஓர் எழுத்து குறைவாக.

நான் எதுவும் கேட்கவில்லை. என் உதவித்தொகை நீடிக்க அவர் கையெழுத்து வேண்டும். அதைக் காட்டினால்தான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் பாஸ்போர்ட்டில் அடுத்த முத்திரை விழும். இரண்டே பேரிடம்தான் இதைச் சொன்னேன். ஒருவர் வீட்டுக்கார அம்மாள். இன்னொருவர் அதே நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவராக இருந்த யாழ்ப்பாணத்து அக்கா. அந்தக் காலத்தில் கொலோனில் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான்.

"இப்ப வாயைத் திறக்காதேங்கோ. முதல்ல பட்டத்தை வாங்குங்கோ. பிறகு எல்லாத்தையும் கேக்கலாம்" என்றார் அக்கா. அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த வசந்தத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பெண்களைப் பற்றி எழுதியபோது என் படமும் அதில் வந்தது, வெள்ளைக் கோட்டுடன், கையில் ஒரு குடுவையுடன். பத்து நாள் கழித்து கீழே தொலைபேசி மணி அடித்தது. அம்மாள் எடுத்தார். ஒரு கணம் கழித்து மாடிப்படியில் அவர் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அறுபத்தைந்து வயதில் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அவர் கூப்பிடுகிறார்! அவருடைய ஆபீஸ்!"

மெல்லக் கேட்பவருடைய நிகழ்ச்சி. ஆண்கள் செய்யும் வேலையைச் செய்யும் பெண்கள் மூன்று பேரை அழைக்கிறார்களாம். டிராம் ஓட்டும் ஒரு பெண், புகைக்கூண்டு சுத்தம் செய்யும் ஒரு பெண், நான்.

அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. "ஏலாது எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு ஏன் இந்த வேலை?"

"நல்ல மனுஷர் அக்கா. யாரையும் புண்படுத்த மாட்டார்."

"ஓம், நானும் பாத்தனான். அவர் முன்னால இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஏன் அழுகினம்?"

நான் சிரித்துவிட்டேன். அக்காவுக்கு எப்போதும் எல்லாரிடமும் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சிக்கு முன்னால் ஆபீஸிலிருந்து ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் என்ன கேட்கலாம் என்று குறித்துக்கொண்டு போவது அவள் வேலை. அம்மாள் பாதாம்பருப்புக் கேக் செய்து வைத்திருந்தார். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். இரண்டு மணிநேரம் பேசினோம். என் ஊர், அப்பா, கல்லூரி, விடுதி, குளிர் எல்லாம் கேட்டாள். அவளுக்கு என் வயதுதான். கேட்கும்போதெல்லாம் கண்ணைப் பார்த்தாள். என்னைவிட அம்மாள்தான் முதலில் ஆரம்பித்தார். "அந்தப் பேராசிரியர் செய்ததைச் சொல்லுங்கள், ஃப்ரொய்லைன்." எனக்குத் திக்கென்றது. ஆனால் தொடங்கிவிட்டபிறகு நிறுத்த முடியவில்லை. சொன்னேன். சொல்லி முடித்ததும், "இது நிகழ்ச்சிக்கு வேண்டாம். இது வெளியே வந்தால் நான் தொலைந்தேன்" என்றேன்.

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "சத்தியமாக வராது" என்றாள்.

வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே, "உங்கள் ஊர் உடையில் வந்தால் நன்றாயிருக்கும்" என்றும் சொன்னாள். ஆய்வுக்கூடத்துக்கு நான் கால்சட்டையில்தான் போவேன். கொண்டுவந்திருந்த புடவைகள் பெட்டியில் கிடந்து மடிப்பில் நைந்துபோயிருந்தன. அக்காவிடம் ஒரு நீலப் பட்டுப்புடவை கடன் வாங்கினேன். விஞ்ஞானம் பேசப் போகிறவள் எதற்குப் பட்டு உடுத்தவேண்டும் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். டெலிவிஷனில் நன்றாகத் தெரியவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

டெலிவிஷன் நிலையம் இருந்த ஊருக்கு ரயிலில் போனேன். ஒப்பனை அறையில் என் நிறத்துக்குப் பொருந்தும் பவுடர் இல்லை. இருந்ததைக் கலந்து பூசியதில் முகம் சாம்பல் பூத்தது. ஒப்பனைக்காரப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் தெரியாது என்றாள். கூடத்தில் நூறு பேர்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பியானோ இருந்தது. அவர் வந்து என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீர்கள். நாம் இரண்டு பேர் மட்டும் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நேரடி ஒளிபரப்பு. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

டிராம் ஓட்டும் பெண் முதலில் பேசினாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து நான். வெளிநாடு, குளிர், சாப்பாடு. ஒத்திகை பார்த்ததுபோல என் பதில்கள் வந்தன. பெயின்ட் ஏன் உரிகிறது என்று ஒரு நிமிடம் விளக்கினேன், அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு ஜெர்மன் இவ்வளவு நன்றாக வருகிறதா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது அவர் முன்னால் சாய்ந்தார். "அந்த ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்டுபிடிப்பதெல்லாம் உங்களுக்கே உங்களுக்கா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோபாவில் உட்கார்ந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகத்தை மூடிய பெண் எல்லாவற்றையும் இவரிடம் சொல்லியிருக்கிறாள் என்பதும் அந்தக் கணமே புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தால் போதும், அவரே வேறு பேச்சுக்குப் போயிருப்பார். ஆனால் நூறு பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது பேசாமலிருப்பது மரியாதையில்லை என்று வளர்ந்த உடம்பு என்னுடையது. பொய் சொல்லிப் பிடிபட்டதுபோல முகமெல்லாம் எரிந்தது.

"கண்டுபிடித்தது நான்தான். பெயர் என்னுடையதில்லை" என்றேன்.

கூட்டத்தில் ஒரு முனகல்.

"ஓ" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "நீங்கள் சொல்லவேண்டியதில்லை." பிறகு மறுபடி அந்தப் பார்வை.

"என் பேராசிரியர்" என்றேன்.

பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த நகரத்தில் அந்தத் துறைக்கு ஒரே ஒரு பேராசிரியர்தான். மெல்லக் கேட்பவர் என் கையை ஒருமுறை தொட்டார், பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். இசை எழுந்தது.

முடிந்ததும் பின்னால் ஓர் அறையில் ஒயினும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். நான் நேராக அவரிடம் போனேன். "அது வராது என்று உங்கள் ஆபீஸ் பெண் சத்தியம் செய்தாள்."

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டதுபோல இருந்தது. "நான் அதைக் கேட்கவே இல்லையே, ஃப்ரொய்லைன். நீங்களாகத்தானே சொன்னீர்கள்?" என் தோளைத் தட்டினார். "அருமையான தருணம். மக்கள் மறக்கமாட்டார்கள்." அந்தப் பெண் சுவரோரம் தட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே நின்று என்னைக் கட்டிக்கொண்டார். தெரு முழுக்கத் தொலைபேசியில் கூப்பிட்டார்களாம். ரொட்டிக்கடைக்காரி உங்களுக்கென்று ஒரு கேக் தந்திருக்கிறாள் என்றார். அக்கா மாலையில் கூப்பிட்டார். அவர் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. "இனி என்ன செய்யப்போறீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை என் மேசை காலியாக இருந்தது. பேராசிரியர் சத்தம் போடவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள். இனி என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒன்றும் இருக்காது" என்றார். உதவித்தொகைக்கான விண்ணப்பம் அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். மூத்த உதவியாளர் கதவருகில் நின்று சாவியை வாங்கிக்கொண்டார். ஈரப்பெட்டிகளில் என் தகடுகள் நாற்பது இருந்தன. இன்னும் மூன்று மாதம் அவை இருக்கவேண்டும் என்று சொன்னேன். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றார் பேராசிரியர்.

நிலையத்துக்கு எழுதினேன். பல்கலைக்கழக விவகாரங்களில் தலையிட இயலாது என்று பதில் வந்தது. அதோடு பார்வையாளர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டாக வந்தன. ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார் என்றார். ஒரு கிழவி கம்பளிக் கையுறை பின்னி அனுப்பியிருந்தாள். இங்கே சாப்பிட்டுவிட்டு இங்கேயே குறை சொல்கிறாயா, ஊருக்குப் போ என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். பேராசிரியருக்கு ஒருவர்கூட எழுதியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது என் சோகம் மட்டும்தான்.

மெல்லக் கேட்பவருக்கும் மூன்று கடிதம் எழுதினேன். நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் நான் கேட்டிருக்கும் விசாரணைக்கு உதவும் என்று கெஞ்சினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. உறைக்குள் அவருடைய படம் போட்ட அட்டை, கீழே கையெழுத்து. ரசிகர்களுக்கு அனுப்புகிற அட்டை. அதை நான் கிழிக்கவில்லை. அம்மாள் பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கசாப்புக்காரருடைய ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பேராசிரியரையும் என்னையும் எதிரெதிரே உட்காரவைக்க விரும்புகிறாராம். காகிதங்களைக் கொண்டு வரச் சொல்லியிருந்தது. எனக்கு டெலிவிஷன் பெட்டியையே பார்க்கப் பிடிக்கவில்லை. அக்காதான் கட்டாயப்படுத்தினார். "இந்த ஆள் நேராக் கேப்பான். நேராக் கேட்டால் உங்களுக்கும் நேரா மறுமொழி சொல்லலாம். வாங்கோ, நானும் வாறன்." விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

சிறிய அறை, எங்கே பார்த்தாலும் கோப்புகள். கை கொடுக்கக் கசாப்புக்காரர் எழுந்திருக்கவில்லை. காபி தரவில்லை. அந்தச் சஞ்சிகைக் கட்டுரையை முழுக்கப் படித்து, புரியாத இடங்களில் கோடு போட்டு வைத்திருந்தார். ஒன்றரை மணிநேரம் கேட்டார். கட்டுரை வெளிவந்தபோதே ஏன் வாயைத் திறக்கவில்லை? உங்கள் அளவுப் புத்தகத்தில் தேதி இருக்கிறதா? மேசையில் வைத்துவிட்டு வந்ததற்கு யார் சாட்சி? நிகழ்ச்சியில் சொன்னதை முதலில் துறைத் தலைவரிடம் ஏன் சொல்லவில்லை? ஒவ்வொன்றும் கல்லால் அடித்ததுபோல விழுந்தது. ஒரு கட்டத்தில் அக்கா, "நீங்கள் என்ன குற்றவாளியோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். ஆனால் என் கட்டுரையை வரிவரியாகப் படித்த முதல் ஆள் கசாப்புக்காரர்தான் என்பது எனக்கு உறைத்தது.

கடைசியில் கோப்பை மூடினார். "பேராசிரியர் நேற்று மறுத்துவிட்டார். அவர் வராமல் நான் இதைச் செய்யமாட்டேன். காலி நாற்காலியை அடிப்பது என் வேலையில்லை."

எதற்காக இவ்வளவு தூரம் வரவழைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நேற்றே ரயிலில் ஏறியிருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த அளவுப் புத்தக நகல்களைத் தேதிவாரியாக அடுக்கித் திருப்பித் தந்தார். "பதினான்காம் பக்கத்தில் ஒரு கூட்டல் தப்பு. பல்கலைக்கழகத்துக்குப் போனால் அதை வைத்தே உங்களை மடக்குவார்கள். முதலில் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்."

பார்த்தேன். தப்புதான். என் தப்பு.

விசாரணைக் குழுவின் முன்னால் அதை நானே முதலில் சொன்னேன். அதனால் பொய்க்காரி என்று யாரும் சொல்ல முடியவில்லை. அதற்குமேல் பலனும் இல்லை. பேராசிரியருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுரையில் பெயர் மாறவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள எனக்கு அனுமதி கொடுத்தார்கள், புதிய தலைப்பில், முதலிலிருந்து. அதைச் சலுகை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு, ஆராய்ச்சி விரிவடைந்திருப்பதால் இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று எழுதினேன். அவர் பெருமைப்பட்டுப் பதில் போட்டார்.

கொலோனை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டுக்கார அம்மாள் கீழே வரச்சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் ஆள் வருகிற நாள். வரவில்லை என்று படியில் நின்றே சொன்னேன்.

"அவர்மேல் ஏன் இந்தக் கோபம்?" என்றார். "நான் என் கண்ணால் பார்த்தேன். உங்களைக் கட்டாயப்படுத்தவே இல்லை. உங்களுக்காக எவ்வளவு வருத்தப்பட்டார்."

"வருத்தப்படுவது அவர் வேலை" என்றேன்.

"நீங்களாகத்தானே சொன்னீர்கள், ஃப்ரொய்லைன்."

அதே வார்த்தைகள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதைத்தான். ஒரு வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதைத்தான் பார்த்தேன். அந்தக் கால்பந்தாட்டக்காரர் அழுதபோது, பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பெட்டியைக் கட்டினேன். காலையில் அம்மாள் ரயிலுக்கு ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அதற்குப்பிறகு நாங்கள் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பட்டம் கிடைத்தது. தெற்கே ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. அதற்குள் கசாப்புக்காரருடைய நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். மரியாதை இல்லாமல் கேட்கிறார் என்று பார்வையாளர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். மெல்லக் கேட்டவருக்குப் பெரிய விருது கொடுத்தார்கள். மனித நேயத்துக்கு என்று செய்தியில் வாசித்தார்கள்.

அந்த விருது கொடுத்த வாரத்தில் ஒரு மதியம் தொழிற்சாலைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. குரல் எனக்கு உடனே தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிய அந்தப் பெண். நிலையத்தை விட்டு விலகிவிட்டாளாம், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். என்னைத் தேடிப்பிடிக்க நாலு இடத்தில் விசாரித்தாளாம்.

"நான் அவரிடம் அதைச் சொன்னது உங்களிடம் கேட்கட்டும் என்று இல்லை" என்றாள். "அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் கேட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்."

அவள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கவேண்டும்.

"என்னை மன்னிக்க முடியுமா?" என்றாள்.

"முடியாது" என்றேன்.

"நேராகச் சொன்னதற்கு நன்றி" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் யாரென்று கேட்டார். முன்பு தெரிந்த ஒரு பெண் என்றேன். மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது, கப்பலுக்கு அடிக்கிற பெயின்டைப் பற்றி. காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கூட்டத்தில் என்னிடம் கேட்ட எதற்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.